பேட்டரி ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய்

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த பெண், பிஎச்.டி. சேரப்போகிறேன் என்றால், ‘இன்னும் அஞ்சு வருஷம் யார் செலவு பண்றது?’ என்றுதான் பல வீடுகளில் கேட்கிறார்கள். செலவை அரசே ஏற்கிறது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். ஆய்வு திருப்தியாக இருந்தால் அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆனால், வெறும் ‘நெட் பாஸ்’ போதாது. உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் பெற்றவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் இருக்கும் ‘சிக்ரி’யில் பேட்டரிப் பொருட்கள் குறித்த ஆய்வு நடக்கிறது. லித்தியத்துக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நமக்கு, உப்பில் இருக்கும் சோடியத்தில் பேட்டரி செய்வது பெரிய விஷயம். உதவித்தொகை சில மாதங்கள் தாமதமாக வருவதுண்டு. ஆரம்பச் செலவுக்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.