செவலைக் கன்று சாட்சி சொல்லுமா?



படப்பையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர் மாடு வளர்க்கிறார். ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் லாரிகள் இரவும் பகலும் ஓடும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலைக்கு அருகிலேயே அவருடைய மாட்டுக் கொட்டகை இருக்கிறது. அவருடைய கருப்பு வெள்ளைப் பசு ஒரு கிடாரிக் கன்றை ஈன்றது. பசுவுக்குப் போட்டது கருப்பு வெள்ளை பிரீசியன் காளையின் சினை ஊசி. ஆனால் கன்றோ செவலை; உடலில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள்.

“முன் மூன்று ஈற்றும் கருப்புக் கன்றுதான். வேறு ஊசியைப் போட்டு ஏமாற்றிவிட்டான்” என்று பெரியவர் தெரு முழுவதும் சொன்னார். கன்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். ஊசி போட்டவர் இப்போது அந்தத் தெருப் பக்கம் வருவதில்லை.

நான் இயற்பியல் ஆசிரியன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆயினும் ஒரு சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பது எங்கள் தொழில். அந்தக் கன்றின் நிறத்தைச் சற்று விசாரிப்போம்.

மாட்டின் மயிரில் இருவகை நிறமிகள் உண்டு. ஒன்று கருப்பு, மற்றது சிவப்பு. கருப்பு நிறமி உண்டாவதற்கு ஒரு குறிப்பிட்ட மரபணு சரியாக வேலை செய்ய வேண்டும். அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டாலும் அது செயலிழந்து, சிவப்பு நிறமி மட்டுமே உண்டாகும். இதை 1995-இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒவ்வொரு மாட்டிலும் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். மாடு கருப்பாகவே தோன்றும். கருப்பு ஓங்கு பண்பு, சிவப்பு ஒடுங்கு பண்பு.

தாய், தந்தை இருவரும் இப்படிச் சிவப்பை மறைத்து வைத்திருந்தால், ஒவ்வொரு ஈற்றிலும் செவலைக் கன்று பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படியானால் முந்தைய மூன்று கருப்புக் கன்றுகள்? அந்தக் காளைகளிடம் சிவப்பு ஒளிந்திருக்காவிட்டால் செவலை பிறக்க வழியே இல்லை. ஒளிந்திருந்தாலும்கூட, மூன்றும் கருப்பாகவே அமையும் வாய்ப்பு 3/4 × 3/4 × 3/4, அதாவது 27/64. நூற்றுக்கு 42! ஆகவே பெரியவரின் வாதம் நிற்காது. அதே சமயம், கன்றின் நிறம் ஊசி போட்டவர் குற்றமற்றவர் என்றும் நிரூபிக்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

நிறம் மறைவது மட்டுமல்ல, மாறவும் செய்யும். திருப்பூர் மாவட்டத்தின் காங்கயம் மாடுகளைப் பாருங்கள். கன்று பிறக்கும்போது பெரும்பாலும் செந்நிறம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அது சாம்பல் நிறமாகிவிடும். வளர்ந்த காளைக்குத் திமிலிலும் முன், பின் பகுதிகளிலும் கருமை ஏறுகிறது. காயடித்த எருதுக்கு அந்தக் கருமை இல்லை. மரபணுவை அறுவைக் கத்தி மாற்றுவதில்லை. மாறியது உடலில் சுரக்கும் ஹார்மோன். ஆக, மரபோடு வயதும் ஹார்மோனும் சேர்ந்தே நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் இனத்தில் கதை இன்னொரு விதம். சிவப்பு மாட்டையும் வெள்ளை மாட்டையும் சேர்த்தால், தூரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோன்றும் கன்று பிறக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் சிவப்பு மயிர் தனி, வெள்ளை மயிர் தனி. தொலைக்காட்சித் திரையின் வண்ணப் புள்ளிகள் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே நிறமாகத் தோன்றுவது போலத்தான். இத்தகைய இரண்டு மாடுகளைச் சேர்த்தால், சராசரியாக நான்கு கன்றுகளில் ஒன்று சிவப்பு, இரண்டு கலப்பு, ஒன்று வெள்ளை. 1810-இல் 1000 கினிக்கு விலைபோன ‘காமெட்’ என்ற புகழ்பெற்ற காளை கலப்பு நிறம் கொண்டதே. ஆனால் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிவப்பு மோகம் பிடித்தது. நல்ல கலப்பு நிற மாடுகளும் வெள்ளை மாடுகளும் ஒதுக்கப்பட்டன. பெரியவரின் கன்றுக்கு நேர்ந்ததும் இதுவே.

“நிறத்தைப் பார்த்து மாடு பிடிப்பது நம் முன்னோர் வழக்கம் ஆயிற்றே?” என்று நீங்கள் கேட்கலாம். செவலை, மயிலை, காரி என்று பெயரிட்டு மாடுகளை அடையாளம் கண்ட அனுபவ அறிவை நான் மதிக்கிறேன். அடையாளம் காண நிறம் உதவும். ஆனால் கறவையையும் பிறப்பையும் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது.

அந்த அதிகாரம் பதிவேட்டுக்கே உரியது. ஷார்ட்ஹார்ன் மாடுகளின் வம்சாவளியை ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் 1822-இல் புத்தகமாக வெளியிட்டார். இந்தப் பதிவேட்டுத் தொகுதிகளை வைத்தே 1906-இல் பாரிங்டன், பியர்சன் என்ற இரு அறிஞர்கள் மாட்டு நிறத்தின் மரபை ஆராய முடிந்தது. நம் ஊரிலும் வழி இருக்கிறது. உறைவிந்துக் குச்சியில் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லையைப் பொருத்துகிறார்கள். அன்று அந்தக் குச்சியின் எண்ணை யாராவது குறித்து வைத்திருந்தால், பெரியவரின் சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மாடு இருக்கிறதா? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஊசி போட்ட தேதி, காளையின் எண், கன்று ஈன்ற தேதி, கன்றின் நிறம், ஆறு மாதம் கழித்து அதன் நிறம், தினமும் கறக்கும் பாலின் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். பெரியவர்களுக்கு நேரமில்லை, உங்களுக்கு இருக்கிறது. அந்த நோட்டு ஒரு கன்றைக் குறைந்த விலைக்குப் போகாமல் காக்கும். ஒரு மனிதர்மேல் வீண்பழி விழாமலும் காக்கும்.