கால் சொல்லும் கணக்கு

டாக்டரிடம் போனால் நாக்கை நீட்டச் சொல்கிறார், பிரஷர் பார்க்கிறார், ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சை இழுத்து விடச் சொல்கிறார். காலை யார் பார்க்கிறார்கள்? இத்தனைக்கும் பல கிளினிக்குகளில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். வெறுங்காலோடு வந்து நிற்கிறவரின் பாதத்தைக் குனிந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? ஆனாலும் பார்ப்பதில்லை!

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. குறுவை, சம்பா, தாளடி என்று மாதக்கணக்கில் சேற்றில் நின்று நடவு நடுவதும் களை எடுப்பதும்தான் இங்கே பலருக்குப் பிழைப்பு. அதனால் கால் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணை யாரும் நோயாகவே நினைப்பதில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு மறுநாள் வயலில் இறங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது வெறும் சேற்றுப்புண்தான். ஆனால் வயல் வேலை முடிந்த பிறகும் ஆறாமல் இருந்தால், ஆறி ஆறித் திரும்பத் திரும்ப வந்தால், சேற்றைக் குறை சொல்வதை விட்டுவிட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது நல்லது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பாதத்து நரம்புகள். ஆரம்பத்தில் எரிச்சல், பஞ்சு மேல் நடப்பது போல ஓர் உணர்வு. அப்புறம் மரத்துப் போகும். நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கால் செருப்பு கழன்று போயிருக்கும், அது தெரியாமல் பத்தடி நடந்திருப்பார். வீட்டில் எல்லோரும் "ஞாபக மறதி" என்று சிரிப்பார்கள். அது மறதி இல்லை, கால் கொடுக்கும் நோட்டீஸ்!

வலி இல்லாதது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகத்துக்குப் புரிய வைத்ததில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளைக் கவனித்தார். நோயே விரல்களை அழுகச் செய்கிறது என்று அன்றைக்கு நம்பினார்கள். அவரோ, வலி தெரியாததால் காயத்தோடேயே நடந்து நடந்துதான் கால் சிதைகிறது என்று காட்டினார். தொழுநோயாளிகளுக்குக் கொடுத்த மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களுக்கும் போடச் சொல்கிறார்கள்.

சித்திரை வெயிலில் மத்தியானம் பெரிய கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கல் தரையில் கால் வைத்தால் குதித்துக் குதித்துத்தான் ஓட வேண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் நிதானமாக நடந்து போனால், பக்திதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். சூடு உறைக்கவில்லையோ என்னவோ! ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்பளம் இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் காலையிலோ சாயங்காலமோ போகலாமே, பெருவுடையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீக்கம் என்பது வேறு கதை. கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நேரமாகிறதா? இரண்டு காலிலும் இப்படி இருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் இவற்றில் ஏதோ ஒன்றைச் சோதிக்க வேண்டியிருக்கலாம். சில பிரஷர் மாத்திரைகளாலும் கால் வீங்கும், அதனால் தானாக முடிவு கட்டிப் பயப்படவும் வேண்டாம். ஒரே கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும். கும்பகோணம் பக்கத்தில் ஒற்றைக் கால் வீக்கம் என்றால் பழைய ஆட்கள் உடனே சொல்வது யானைக்கால். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் நோய் அது. அதன் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகம் நடமாடும், அதனால்தான் ராத்திரி வந்து ரத்தம் எடுத்தார்கள். 2004-ல் நாடு முழுக்க டி.இ.சி. மாத்திரை கொடுக்க ஆரம்பித்தபோது, வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு முழுங்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ!

இதை எல்லாம் படித்துவிட்டு, பாதத்தில் இந்தப் புள்ளி இதயம், அந்தப் புள்ளி கல்லீரல் என்று படம் போட்டு விற்கிறவர்களிடம் போய்விட வேண்டாம். அதற்கு ஆதாரம் கிடையாது.

கேள்வி ஒன்றுதான். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டாலே நரம்பின் நிலைமை ஓரளவு தெரிந்துவிடும். இதற்குப் பெரிய மெஷினும் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. கூலி வேலை செய்கிறவர் காலை இழந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆகும் நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது? அரசு 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தைத் தஞ்சை மாவட்டத்தில்தான் முதலில் முயன்று பார்த்தது. அது சரியான இடம்தான். 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. மாத்திரை கொடுக்க வருகிறவர் "காலைக் காட்டுங்கம்மா" என்று ஒரு வார்த்தை எல்லா வீட்டிலும் கேட்க வேண்டும். சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டுக் கலைந்து போகும் முகாம்கள் பாதி வேலைதான் செய்கின்றன.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. வயலிலிருந்து ஏறியதும் காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்கணும். பித்தவெடிப்புக்குக் குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம். குனிய முடியாத பெரியவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளலாம். கண் சரியாகத் தெரியாவிட்டால் பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.