காயிலை மாற்றுமுன் காரணத்தைக் கேளுங்கள்

நாகபுரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பத்து, பதினைந்து வயதான கார்களை வைத்திருப்போர் பலர். கோடை விடுமுறை வந்தால் அதே வண்டியில் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஐதராபாத், கர்நூல், பெங்களூர் வழியாகச் சேலம், மதுரை என்று ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறோம். கிளம்புமுன் டயரையும் பிரேக்கையும் தவறாமல் பார்க்கிறோம். எஞ்சின் லேசாக 'மிஸ்ஸிங்' அடித்தால் மட்டும், "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அல்லது மெக்கானிக் சொன்னவுடன் இக்னிஷன் காயிலை மாற்றிவிட்டு நிம்மதி அடைகிறோம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

மிஸ்ஸிங் என்பது, ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோலும் காற்றும் எரியவேண்டிய நேரத்தில் எரியாமல் போவது. நான்கு பேர் சுமக்கும் பல்லக்கில் ஒருவர் அவ்வப்போது தோளை விலக்கிக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் வண்டி குலுங்கும். எரிவதற்கு மூன்று தேவை: நேரத்துக்கு விழும் தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், சிலிண்டருக்குள் போதிய அழுத்தம். பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கும் மேலே உயர்த்தி பிளக்குக்கு அனுப்பும் காயில், இந்த மூன்றில் முதலாவதன் ஒரு பகுதி மட்டுமே. ஆனால் பழி முழுவதும் அதன் தலையில்தான் விழுகிறது.

காயில் கெடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கெடுகிறது, ஆனால் பல சமயம் அதைக் கெடுப்பது வேறொன்று. ஸ்பார்க் பிளக் தேயத் தேய அதன் முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி அகலும். அந்த அகன்ற இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அதைக் கொடுத்துக் கொடுத்தே காயிலின் உள் இன்சுலேஷன் ஓட்டையாகிவிடும். பிளக் குழிக்குள் எஞ்சின் ஆயில் கசிந்தாலும் காயிலின் ரப்பர் உறை ஊறிக் கெடும். நம் சங்கத்து அன்பர் ஒருவர் ஓராண்டில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு முறை காயில் மாற்றினார். மூன்றாம் முறை பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, அது வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாதது என்று தெரிந்தது! புதிய காயில்கள் இரண்டும் பழைய பிளக்குக்குப் பலியாகியிருந்தன.

காரணம் தேடுவது அப்படியொன்றும் கடினமல்ல. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியானால், ஸ்கேனர் 'பி 0302' என்று காட்டினால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்தக் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். கோளாறு 'பி 0303' ஆக இடம் மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் பிளக்கைப் பாருங்கள். பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். இந்தச் சோதனைக்குப் புதுப் பாகம் எதுவும் தேவையில்லை.

அம்பாசிடர், பத்மினி போன்ற பாயிண்ட் வைத்த வண்டிகளை இன்னும் ஆசையோடு பராமரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காயிலுக்கு முன்பாக பாயிண்ட், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் ஆகியவற்றைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் மீட்டரில் சரியாகக் காட்டும் காயில், சூடேறியதும் கைவிடுவதுண்டு. எனவே மே மாத வெயிலில் வண்டி நின்றுவிட்டால், அந்த நேரத்திலேயே தீப்பொறி வருகிறதா என்று மெக்கானிக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். நல்ல பொறி வந்தால் காயிலைச் சந்தேகிக்க வேண்டாம். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம். காயில் வயரை வெறுங்கையால் தொட மட்டும் வேண்டாம்.

ரயில்வே டீசல் ஷெட்டில் நான் வேலை பார்த்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினுக்கு 16 சிலிண்டர்கள். ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆனாலும் தேடும் முறை ஒன்றுதான். வழியில் எஞ்சின் நின்றுவிட்டால், எந்தப் பாகத்தை மாற்றினோம் என்பதோடு விசாரணை முடியாது. அது ஏன் கெட்டது என்று எழுதினால்தான் மேலதிகாரி விடுவார். எழுத வேண்டும் என்ற கட்டாயமே எங்களைத் தேட வைத்தது.

கார் விஷயத்தில் அந்தக் கட்டாயத்தை உண்டாக்க வேண்டியவர்கள் நாம்தான். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. ஒரு மணி நேரம் தேடிவிட்டு, "பிளக் மட்டும் மாற்றினால் போதும்" என்று சொல்பவருக்கு நாம் கூலி கொடுக்கத் தயங்குகிறோம். ஆயிரக்கணக்கில் காயில் பில் நீட்டினால் பேசாமல் கொடுக்கிறோம். பாகத்துக்கு மட்டும் பணம், மூளைக்கு இல்லை என்றால் அவர் பாகத்தைத்தானே விற்பார்?

மிஸ்ஸிங்கோடு ஓட்டுவதும் சிக்கனமல்ல. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரில் எரிந்து அதைப் பாழாக்கும். காயிலைவிட அதன் விலை பல மடங்கு. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் ஓரமாக நிறுத்திவிடுவதே நல்லது. லாரியை முந்தும் நேரத்தில் எஞ்சின் இழுக்காமல் போனால், ஆபத்து வண்டிக்கு மட்டுமல்ல. உள்ளே நம் குடும்பம் இருக்கிறது.

ஆகவே இந்தக் கோடையில் ஊருக்குக் கிளம்புமுன் உங்கள் மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சிலிண்டர்? எப்படித் தெரிந்தது? ஏன் கெட்டது? மூன்றுக்கும் பதில் சொல்பவர் கிடைத்தால், அவர் கேட்கும் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.