மூடி மறைப்பது கண்ணியமாகாது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் நம்மைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். நெருங்கிய உறவினர் ஒருவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தம் மகள் அறையைவிட்டு வெளியே வர மறுப்பதாகச் சொன்னார். காரணம் கேட்டபோது மகள் சொன்னதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லக் கூசி அழுதார். "வெளியே தெரிந்தால் பிள்ளையின் வாழ்வு பாழாகிவிடும். அவர் வருவதை மெல்லக் குறைத்துக்கொள்ளுங்கள். துஆச் செய்யுங்கள்" என்று கூறி அனுப்பிவைத்தோம். அன்று அது நமக்கு நிதானமான அறிவுரையாகத் தோன்றியது. அந்தப் பிள்ளை அதன்பின் ஓத வரவில்லை. அன்று நாம் காப்பாற்றியது அந்த மனிதரின் பெயரைத்தான், அவளை அன்று என்பதைப் பிறகே உணர்ந்தோம்.

பெண்கள் மீதான பாலியல் வன்முறை எங்கோ, யாருக்கோ நேர்வது என்று எண்ணிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. உண்மை நிலை வேறு. உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண், தம் வாழ்நாளில் துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கோ, பிறரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகிறார் என உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. நம் நாட்டின் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 6 சதவீதத்தினர் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அதைவிட நம்மை உலுக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதத்தினர் எவரிடமும் உதவி கேட்கவில்லை, எவரிடமும் வாய்திறக்கவும் இல்லை. நாம் கேள்விப்படுவது மிகச் சிறிய பகுதியே.

அந்தச் சிறிய பகுதியும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. 2021-இல் நாட்டில் பதிவான வன்புணர்வு வழக்குகள் 31,677. அவற்றில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு அறிமுகமானவர். உறவினர், அண்டைவீட்டார், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தெருமுனையில் நிற்கும் அந்நியனைப் பற்றித்தான் நாம் நம் பெண்மக்களை எச்சரிக்கிறோம். முன்வாசல் வழியாக ஸலாம் சொல்லி வருபவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

நம் மார்க்கம் இதை முன்பே சொல்லிவிட்டது. பெண்கள் தனித்திருக்கும் இடத்துக்குள் நுழைவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தபோது, கணவரின் சகோதரர் போன்ற உறவினரைப் பற்றி ஒருவர் வினவினார். அத்தகைய உறவை நபியவர்கள் மரணத்துக்கு ஒப்பிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. அந்நியர் வந்தால் ஊர் கவனிக்கும், உறவினர் வந்துபோவதை எவரும் ஐயுறமாட்டார்கள், ஆகவே ஆபத்து அங்கே அதிகம் என அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். இந்த ஹதீஸை நாம் எத்தனை ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம்?

நம்மில் பலர் உடனே பெண்ணின் உடையைப் பற்றிப் பேசத் தொடங்குவர். ஹிஜாப் அல்லாஹ் விதித்த கடமை. அதில் நமக்கு இரு கருத்து இல்லை. ஆயினும் அதைக் குற்றவாளியின் வக்காலத்தாக மாற்ற எவருக்கும் உரிமையில்லை. கைக்குழந்தைகளும் முதியவர்களும் இக்கொடுமைக்கு ஆளாகிறார்களே, அவர்களின் உடையில் என்ன குறை கண்டோம்? ஸூரத்துந் நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கே வருகிறது. ஆபத்தைப் பெருக்குபவை வேறு. கணவனின் குடிப்பழக்கம், தாய் அடிபடுவதைப் பார்த்தே வளரும் மகன், பிறரைச் சார்ந்தே வாழ வேண்டிய பெண்ணின் நிலை, இவை எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன செய்தாலும் குடும்பம் மூடிவிடும் என்ற துணிவு.

நபியவர்களின் காலத்தில் தொழுகைக்காகப் புறப்பட்ட ஒரு பெண் வழியில் வன்புணர்வுக்கு ஆளானார். வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி திர்மிதீயிலும் அபூதாவூதிலும் உள்ளது. அப்பெண் கூக்குரலிட்டார், மக்கள் ஒருவரைப் பிடித்துவந்தனர். அவர் நிரபராதி. உண்மைக் குற்றவாளி எழுந்து ஒப்புக்கொண்டார். தனியே ஏன் வந்தாய் என்று நபியவர்கள் அப்பெண்ணிடம் கேட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. அல்லாஹ் அவரை மன்னித்துவிட்டதாகக் கூறி அனுப்பினார்கள். நிரபராதியிடமும் நல்வார்த்தை கூறினார்கள். பாதிக்கப்பட்டவரைக் கடிந்துகொள்ளாமை, உண்மையைத் தேடுதல் ஆகிய இரண்டும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. வீண்பழிக்கு அஞ்சுவோர் கேட்க வேண்டியதும் முறையான விசாரணையைத்தான். மௌனத்தால் நிரபராதிக்கும் நன்மையில்லை.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸைச் சிலர் இங்கே கொண்டுவருவர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தீங்கிலும் குழப்பத்திலும் பேர்போனவரை மறைக்கலாகாது, அதிகாரத்தில் உள்ளோரிடம் தெரிவிக்க வேண்டும் என்று இதற்கு வரம்பு கூறியுள்ளார்கள். ஒருவர் தனிமையில் செய்த பாவம் வேறு, பிறர் மீது இழைத்த அநீதி வேறு. அநீதி இழைக்கும் சகோதரனுக்கு உதவுவதென்பது அவன் கையைத் தடுப்பதே என்றுதான் நபியவர்கள் கற்றுத்தந்தார்கள்.

"அவனுக்கே நிகாஹ் செய்துவைத்து முடித்துவிடுவோம்" என்று ஜமாஅத்தில் பேசுவோரும் உண்டு. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களுக்கு அவர் விருப்பமின்றித் தந்தை செய்துவைத்த திருமணத்தையே நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். கொடுமை செய்தவனுடன் ஒரு பெண்ணைக் காலமெல்லாம் கட்டிப்போடுவதற்கு எந்த ஆதாரத்தைக் காட்டுவோம்?

நம் மகள் ஒருவரைக் கண்டு ஒதுங்கினால், "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று அதட்டாமல் ஏன் என்று தனியே கேட்போம். அவள் சொல்வதை நம்புவோம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். உஸ்தாதும் ஜமாஅத் நிர்வாகியும் இதற்கு விலக்கல்லர். பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுவதை அச்சட்டம் தடுக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்கள் உள்ளன. இவற்றைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பதற்கு என்ன தடை?

மதரஸாக்களும் இதில் அடக்கம். எந்த ஆசிரியரும், நாம் உட்பட, மூடிய அறையில் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் மனம்விட்டுப் பேச ஓர் ஆலிமா இருக்க வேண்டும். நம்மீது முறையீடு வந்தாலும் விசாரிக்கப்பட வேண்டும். நமக்கும், பெற்றோருக்கும், உறவினருக்கும் பாதகமானாலும் நீதியில் நிலைத்திருக்குமாறுதான் ஸூரத்துன் னிஸா நமக்குக் கட்டளையிடுகிறது.

அந்தத் தாய் இன்று மீண்டும் வந்தால் வேறு பதில் சொல்வோம். ஆனால் அவர் வரமாட்டார். இன்னொரு தாய் உங்களிடம் வரக்கூடும். அன்று நாம் செய்த தவற்றை நீங்கள் செய்யாதிருங்கள். நம் அமானிதங்களான பெண்மக்களை அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களுக்காக வாய்திறக்கும் துணிவை நமக்குத் தருவானாக. ஆமீன்.