கையெழுத்திட மறுத்த கை

பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு

விஞ்ஞானி என்றால் யார்? இந்தக் கேள்வியை நம் வகுப்பில் கேட்டால், "புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்" என்ற விடைதான் வரும். நியூட்டன், மேரி கியூரி, சர் சி.வி. இராமன் என்று பெயர்களும் வரிசையாக வரும். தவறில்லை. ஆனால், எந்த மருந்தையும் கண்டுபிடிக்காமல், ஒரு மருந்துக்கு அனுமதி தர மறுத்ததனாலேயே உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஒருவர் இருந்தார். அரசாங்க அலுவலகத்தில் மேசையின் முன் அமர்ந்து கோப்பு பார்த்தவர் அவர். பெயர் டாக்டர் பிரான்சஸ் ஓல்டம் கெல்சி. அறிவியல் படிக்கும் நமக்கு அவருடைய வாழ்க்கை ஒரு பாடம் என்பது என் கருத்து. "பி.எஸ்ஸி. படித்து என்ன ஆகப் போகிறது?" என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கோ அது முதற்பாடம்.

1914ஆம் ஆண்டு கனடாவில் பிறந்த பிரான்சஸ், மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1936இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர் கெய்லிங்குக்கு வேலை கேட்டு எழுதினார். வேலை தருவதாகப் பதிலும் வந்தது. ஆனால் கடிதம் "திரு. ஓல்டம்" என்று விளித்திருந்தது! பெயரைப் பார்த்து ஆண் என்று எண்ணிவிட்டார் பேராசிரியர். பெண் என்று தெரிந்திருந்தால் அந்த வாய்ப்பு கிடைத்திருக்குமா என்ற ஐயம் பிரான்சஸுக்குப் பிற்காலத்திலும் இருந்தது.

அவர் சிகாகோ சென்ற மறு ஆண்டே, 1937இல், அமெரிக்காவில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. சல்ஃபனிலமைடு என்ற மருந்தைக் குடிப்பதற்கு ஏற்ற இனிப்புத் திரவமாக்க விரும்பிய நிறுவனம் ஒன்று, அதை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து விற்றது. மணம் சரியா, சுவை சரியா என்று பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு மாண்டனர்; அவர்களில் பலர் குழந்தைகள். காரணத்தைக் கண்டறிய கெய்லிங்கின் ஆய்வகத்தில் எலிகளுக்கு அந்தத் திரவத்தைக் கொடுத்துச் சோதித்தபோது, எலிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர்களில் பிரான்சஸும் ஒருவர். விற்பனைக்கு முன்பே மருந்து பாதுகாப்பானது என்று காட்டியாக வேண்டும் என்ற சட்டம் 1938இல் அங்கே வந்தது இந்தச் சாவுகளின் விளைவாகத்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய ஆய்வு மலேரியா மருந்துகளின் பக்கம் திரும்பியது. முயலின் ஈரல் குவினைனை விரைவில் சிதைத்துவிடுகிறது. சினை முயலின் ஈரல் அந்த அளவுக்குச் செய்வதில்லை. கருவிலிருக்கும் குட்டியின் ஈரலோ அறவே செய்வதில்லை. இதை அவரும் உடன் ஆய்ந்தவர்களும் கண்டார்கள். சிறிய செய்திதான். ஆனால், வளர்ந்த உடல் தாங்கும் மருந்தைக் கருவும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்ற உண்மை அதற்குள் இருந்தது.

1960 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் அவர் பணியில் சேர்ந்தார். அடுத்த மாதமே தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரைக்கான விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் விற்பனையான மருந்து அது. கர்ப்பிணிகளும் மசக்கை வாந்திக்கு அதை விழுங்கிவந்தார்கள். பல நாடுகளில் பழக்கத்தில் உள்ள மருந்து, சிக்கலில்லாத கோப்பு, புதிதாக வந்தவர் பார்க்கட்டும் என்றுதான் அதை அவரிடம் கொடுத்தார்கள்.

கெல்சி கையெழுத்திடவில்லை. தந்திருக்கும் சான்றுகள் போதா, மேலும் வேண்டும் என்று எழுதினார். அன்றைய விதிப்படி 60 நாட்களுக்குள் நிர்வாகம் மறுப்புச் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே கடைக்குப் போகலாம். ஆகவே ஒவ்வொரு முறை கெடு நெருங்கும்போதும் அவர் கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். நிறுவனத்தார் கடிதம் எழுதினர், தொலைபேசியில் பேசினர், நேரில் வந்தனர், மேலதிகாரிகளிடம் முறையிட்டனர். அவர் அசையவில்லை.

1961 பிப்ரவரியில், பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர் ஒருவர் எழுதியிருந்த கடிதம் அவர் கண்ணில் பட்டது. இந்த மாத்திரையை நெடுநாள் உட்கொண்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்றது அக்கடிதம். பெரியவர்களின் நரம்பையே பாதிக்கும் பொருள் கருவை என்ன செய்யும்? முயல் ஈரலைப் பார்த்தவர் கேட்காமல் விடுவாரா? கர்ப்பிணிகளுக்கு இது தீங்கற்றது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார். சான்று வரவில்லை.

1961 நவம்பரில் உண்மை வெளிவந்தது. ஜெர்மனியில் விடுகின்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு என்ற இரு மருத்துவர்கள், கையும் காலும் வளராமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் இந்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே கண்டு சொன்னார்கள். உலகெங்கும் அவ்வாறு பிறந்த குழந்தைகள் 10,000க்கும் மேல். அமெரிக்காவில், சோதனை என்ற பெயரில் மருத்துவர்களிடம் முன்னரே வழங்கப்பட்டதாலும், வெளிநாட்டில் வாங்கி உண்டதாலும் பிறந்தவர்கள் 17 பேர். 1962 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கென்னடி கெல்சிக்கு விருது வழங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் மருந்துச் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. 2005இல், தமது 90ஆம் வயதில்தான், கெல்சி ஓய்வு பெற்றார். 2015இல் 101ஆம் வயதில் மறைந்தார்.

"அவர் செய்ததெல்லாம் காலதாமதம்தானே? அதிர்ஷ்டம் கைகொடுத்தது" என்று சிலர் வாதிடலாம். நான் அதை ஏற்கவில்லை. தாலிடோமைடு ஊனம் உண்டாக்கும் என்று 1960இல் கெல்சிக்குத் தெரியாது என்பது உண்மையே. ஆனால் அது தீங்கற்றது என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையே கோடு போட்டு, அந்தக் கோட்டை யார் சொன்னாலும் அழிக்காமல் நிற்பதுதான் அறிவியல். அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயரில்லை.

அந்த மருந்தே கூடப் பிற்பாடு திரும்பி வந்தது. தொழுநோயாளிகளுக்கு வரும் ஒரு கடும் தோல் பாதிப்புக்காக 1998இல் அமெரிக்காவில் தாலிடோமைடுக்கு அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிகள் கையில் போய்ச் சேராதபடி கடுமையான கட்டுப்பாடுகளோடு. ஆக, கெல்சியின் கேள்வி மருந்துக்குப் பகையன்று. யாருக்கு, எப்போது, எந்தச் சான்றின்பேரில் என்பதே அந்தக் கேள்வி.

அதற்கு விடை தேடும் வழிகளும் இன்று பெருகிவிட்டன. தாலிடோமைடு எலிக் கருவின் கால்களைப் பொதுவாகக் கெடுப்பதில்லை. முயல் கருவைக் கெடுக்கிறது. எலியை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்போம்! ஆகவே மனிதத் திசுவிலேயே சோதிக்கலாமா என்ற தேடல் பிறந்தது. 2017இல், அதே சிகாகோவில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டெரசா உட்ரஃப் குழுவினர், மனிதரின் கருக்குழாய், கருப்பை, கருப்பைக் கழுத்து, ஈரல் ஆகியவற்றின் திசுக்களையும், சுண்டெலியின் சினைப்பைத் திசுவையும் ஒரு சிறு கருவியில் இணைத்தார்கள். 28 நாள் மாதச் சுழற்சியின் ஹார்மோன் ஏற்ற இறக்கம் அதற்குள் நிகழ்ந்தது. திசுப் பொறியியல் என்னும் துறையின் அருஞ்செயல் இது. ஆனால் எத்தகைய கருவி வந்தாலும், அது காட்டுவதை உள்ளபடி எழுதும் ஒரு கை வேண்டும் அல்லவா?

இங்கேதான் நான் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஊருக்குப் போனால் பெரியவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதைப் படிச்சா என்ன உத்தியோகம் கெடைக்கும் தம்பி?" நம்மில் பலர் தேர்வாணையத் தேர்வு எழுதி ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமரப் போகிறோம். அத்துடன் அறிவியலுக்கும் நமக்கும் உறவு முடிந்தது என்று இப்போதே நினைத்துக்கொள்கிறோம். குடிநீரைச் சோதிப்பவரும், கலப்படம் பார்ப்பவரும், மருந்துத் தொழிற்சாலைக்கு ஆய்வுக்குச் செல்பவரும் அலுவலர்கள்தாம். கெல்சியும் ஓர் அலுவலர்தாம்!

அந்த நாளுக்கான பயிற்சி இப்போதே நடக்கிறது, நம் செய்முறை வகுப்பில். துணைப்பாட வேதியியலில் டைட்ரேஷன் செய்கிறோம். இரண்டு ரீடிங் ஒத்துவரவில்லையென்றால் மூன்றாம் முறை செய்யச் சோம்பி, பக்கத்து மேசை எண்ணை வாங்கி எழுதுவோர் உண்டு. வரவேண்டிய விடையை வைத்துக்கொண்டு கணக்கைப் பின்னோக்கிப் போடுவோரும் உண்டு. "ரெக்கார்டு நோட்டுதானே" என்கிறார்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஒத்துவராத எண்ணை உள்ளபடி எழுதிவரும் மாணவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல், ஏன் ஒத்துவரவில்லை என்று கேளுங்கள். உண்மை எழுதினால் நட்டம் என்று நாங்கள் இந்த வயதில் கற்றுக்கொண்டால், பிறகு யாரால் மாற்ற முடியும்?

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1937இல் அமெரிக்கக் குழந்தைகளைக் கொன்ற அதே டைஎத்திலீன் கிளைகால், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபது குழந்தைகளுக்கு மேல் பலிகொண்டது. அந்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48 விழுக்காட்டுக்கு மேல் அந்த நஞ்சு இருந்தது. ஒரு சோதனையில் தெரிந்துவிட்டது! அந்தச் சோதனையைப் புட்டி வெளியேறும் முன்பே ஒருவர் நேர்மையாகச் செய்து, "அனுப்ப முடியாது" என்று எழுதியிருந்தால்?

நண்பர்களே, எண்பத்தெட்டு ஆண்டுகளில் அந்த நஞ்சு மாறவில்லை. அதைத் தடுக்கும் வழியும் மாறவில்லை. நாளை அந்த நாற்காலியில் அமரப்போவது நம்மில் ஒருவராக இருக்கலாம். அடுத்த செய்முறை வகுப்பிலிருந்தே தொடங்குவோம்: பியூரெட்டில் தெரியும் எண்ணை மட்டுமே எழுதுவோம்.