முதலில் கால், அரை, முக்கால்... அப்புறம் புள்ளி வைக்கலாம்

பின்னத்தைத் தசமமாக மாற்றுவதை நம் பிள்ளைகளுக்குத் தலைகீழாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது என் கட்சி. கணக்கு வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் சண்டைக்கு வரலாம், தயார் :-)

1/8-ஐத் தசமமாக மாற்று என்றால் பிள்ளை என்ன செய்கிறது? 1-க்குப் பக்கத்தில் புள்ளி வைத்து மூன்று பூஜ்யம் போட்டு, எட்டால் வகுத்து, 0.125 என்று சரியாகவே எழுதிவிடுகிறது. முழு மார்க். இப்போது அதே பிள்ளையிடம் 0.125 பெரிசா, 0.25 பெரிசா என்று கேளுங்கள். பாதிப் பேர் 0.125 என்பார்கள். 125 பெரிய எண்ணாயிற்றே! வகுத்தது சரி, வகுத்து வந்தது எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை.

ஊரில் ஒரு பாட்டியிடம் கால் பெரிசா அரைக்கால் பெரிசா என்று கேட்டால் சிரிப்பார். அரைக்கால் என்றால் காலில் பாதி. பதில் பேரிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பேர் தெரியாது. போபாலிலோ புனேயிலோ வளரும் பிள்ளைக்குப் பள்ளியில் "ஒன் பை எய்ட்", கடையில் இந்தி, வீட்டில் நாம் பேசுகிற மிச்சத் தமிழ். அந்த மிச்சத்தில் அரைக்கால் எப்போதோ போய்விட்டது. முக்காலும் போய்க்கொண்டிருக்கிறது. "த்ரீ ஃபோர்த் டம்ளர் தண்ணி ஊத்து" என்று நாமேதான் சொல்கிறோம்.

வட இந்தியாவில் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு, யாரும் கவனிப்பதில்லை. இந்தியில் பாவ், ஆதா, பௌனா, சவா, டேட், டாயி என்று பின்னத்துக்குத் தனித்தனிப் பேர்கள் இன்னும் சந்தையில் உயிரோடு இருக்கின்றன. 'பௌனே சார்' என்றால் நாலுக்குக் கால் குறைச்சல். நாம் அதை மூணேமுக்கால் என்கிறோம். அவர்கள் நாலிலிருந்து இறங்கி வருகிறார்கள், நாம் மூணிலிருந்து ஏறிப் போகிறோம், சந்திக்கிற இடம் 3.75. இரண்டு பேரும் தெரிந்த பிள்ளைக்கு 4 − 0.25-உம் 3 + 0.75-உம் ஒன்று என்று பென்சில் இல்லாமலே தெரியும். இதற்கு எந்த டியூஷனும் ஈடாகாது.

அதனால் நான் சொல்வது, பாடத்தைக் காய்கறிக் கடையில் தொடங்குங்கள். இப்போது எல்லாக் கடையிலும் எலக்ட்ரானிக் தராசுதான். பாவ் கிலோ இஞ்சி கேட்டால் தராசில் 0.250 என்று வருகிறது. அதைப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் போட்டு 0.375 ஆனால் அது என்ன? காலும் அரைக்காலும். அதாவது 3/8. வகுத்தலே இல்லை! கால், அரைக்கால், அரை, முக்கால் நாலும் கையில் வந்த பிறகு வகுத்தலைச் சொல்லிக் கொடுங்கள். விடை எங்கே வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவதால் புள்ளி இடம் மாறினால் பிள்ளைக்கே உறுத்தும்.

பழைய தமிழ்க் கணக்கில் இன்னும் கீழே போகலாம். மா என்றால் 1/20, 0.05. காணி என்றால் 1/80, 0.0125. கூட்டினால் 0.0625, மாகாணி, அதாவது 1/16. பேரே கூட்டல் கணக்கு! முந்திரி 1/320, அதுவும் 0.003125 என்று முடிந்துவிடுகிறது. ஏன் எல்லாம் இப்படி ஒழுங்காக முடிகின்றன? கீழே இருக்கிற எண்ணை உடைத்தால் 2-உம் 5-உம் மட்டுமே வருகின்றன, பத்தை உடைத்தாலும் அவையேதான். மூன்று வந்தால் முடியாது. 1/3 என்பது 0.333 என்று ஓடிக்கொண்டே இருக்கும். பாதி பாதியாக எத்தனை முறை வெட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு கிடைக்காது, அதற்குக் காலைப் போல ஒற்றைப் பேரும் நம் வீடுகளில் கிடையாது. (முந்திரிக்குக் கீழே இம்மி, அணு என்று ஒரு பெரிய பட்டியல் வாட்ஸ்அப்பில் வருமே, அதைப் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள். பெருமைக்கு ஆகும், கணக்குக்கு ஆகாது.)

ரூபாயில் பதினாறில் ஒன்றுதான் அணா. 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வந்தபோது ஓர் அணாவுக்கு 6.25 நயா பைசா. கால் பைசாவை எங்கே போய்த் தேடுவது? அதனால் ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்குச் சரியாக 25 என்று வைத்தார்கள். முழுமையாக்குதல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 25 பைசா 2011 ஜூன் 30-ஓடு போய்விட்டது, ஆனால் தாத்தாக்கள் வாயில் நாலணா இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள்.

இதெல்லாம் பிற்காலத்தில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒன்று. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50-லிருந்து 6.25-ஆகக் குறைத்தது. "வெறும் புள்ளி இரண்டு ஐந்துதானே சார்" என்று கவுண்டரில் சொல்பவர்கள் நன்றாகப் படித்தவர்கள். 25 லட்சம் வீட்டுக் கடனுக்குக் கால் சதவீதம் என்றால் வருஷத்துக்கு 6,250 ரூபாய் வட்டி. ஊரில் ஒன்றரை வட்டிக்கு வாங்குகிற ஆளுக்கு நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய், வருஷத்துக்குப் பதினெட்டு என்று காகிதம் இல்லாமல் தெரியும். அவரை ஏமாற்றுவது கஷ்டம். 1.5 என்று மட்டும் படித்தவர், அது மாதத்துக்கா வருஷத்துக்கா என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பரீட்சையில் "காலும் அரைக்காலும், ஆகவே 0.375" என்று எழுதினால் ஸ்டெப் இல்லை என்று மார்க்கைக் குறைப்பார்கள். அங்கே வகுத்தே காட்டட்டும். விடையை மட்டும் முதலிலேயே ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.