கோயில் வேனுக்குத் தனி ஜி.பி.எஸ். வாங்கணுமா, போன் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனா பங்குனி உத்திரத்துக்கு மாரான் வர்றதுக்குப் பேர் கொடுத்திருக்கிறவங்க, முக்கியமா வண்டி ஓட்டப் போறவங்க, தயவுசெய்து கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன வாரம் கோயில் கூட்டத்துல ஒரு பேச்சு வந்துச்சு. நம்ம மூத்த தொண்டர் ஐயா ஒருத்தர், "வேனுக்கு ஒரு நல்ல ஜி.பி.எஸ். வாங்கி மாட்டிடலாம்"னு சொன்னார். உடனே தம்பிங்க எல்லாம் சிரிச்சாங்க. "ஐயா, அதெல்லாம் பழைய காலம். எல்லார் கையிலயும் போன் இருக்கு. வேஸ் இருக்கு, கூகுள் மேப்ஸ் இருக்கு. எதுக்குக் கோயில் காசை வீணாக்கணும்?"னு கேட்டாங்க. ஐயா ஒண்ணும் பேசல. நானும் அன்னைக்கு வாயைத் திறக்கல. வீட்டுக்கு வந்து யோசிச்சப்போதான், பேசியிருக்கணும்னு தோணுச்சு. ஏன்னா இந்த விஷயத்துல தப்பு பண்ணினவன் நான்.

போன வருஷம் நடந்தது உங்கள்ல சிலருக்குத் தெரியும். வேனை ஓட்டினது நான். உள்ளே 11 பேர், பின்னால ரெண்டு கார். மாரான் ஸ்ரீ மரத்தாண்டவர் ஆலயத்துக்குக் கோலாலம்பூர்ல இருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காராக் நெடுஞ்சாலை ஏறி, கெந்திங் செம்பா சுரங்கப்பாதையைத் தாண்டி, கிழக்குக்கரை நெடுஞ்சாலை பிடிச்சுப் போற வழி. பகல்ல போனா கஷ்டமே இல்ல. நாங்க கிளம்பினது ராத்திரி.

என் போனைத்தான் முன்னால மாட்டியிருந்தேன். வழி காட்டுறதும் அதுதான், எல்லாரும் என்னைக் கூப்பிடுறதும் அதுலதான். பின்னால வர்ற கார்ல இருந்து, "அண்ணே, எங்க இருக்கீங்க?" அன்னதானப் பொறுப்புல இருக்கிற அக்கா, "தம்பி, சீனி மூட்டை வேன்ல ஏறிடுச்சா?" முன்கூட்டியே போயிட்ட தொண்டர், "அண்ணே, பார்க்கிங் நெறைஞ்சிட்டு வருது, எப்ப வருவீங்க?" ஸ்பீக்கர்ல போட்டுப் பேசிக்கிட்டே ஓட்டினேன். பேசின நேரத்துல வழி சொல்ற குரல் என் காதுல ஏறவே இல்ல. இறங்க வேண்டிய எக்சிட் என் கண்ணு முன்னாலயே போயிடுச்சு.

அந்த நெடுஞ்சாலையில ஒரு எக்சிட்டை விட்டா, அடுத்தது பக்கத்துல இருக்காது. தூரம் போய் இறங்கித் திரும்பினோம். திரும்பினப்போ போன் ஒரு குறுக்கு வழி காட்டுச்சு. நேரமாயிடுச்சேன்னு அதையும் நம்பி உள்ளே விட்டேன். தார் ரோடு கொஞ்ச தூரம்தான். அப்புறம் செம்மண் பாதை, ரெண்டு பக்கமும் செம்பனை. லைன் போயிடுச்சு, வரைபடம் வெள்ளையாயிடுச்சு. கடைசியில பூட்டின கேட். பின்னால வந்த ரெண்டு காரையும் காணோம், கூப்பிடவும் முடியல. மோட்டார் சைக்கிள்ல வந்த தோட்டத்துக் காவலாளி ஒருத்தர்தான் முன்னால போய் வெளியே கொண்டுவந்து விட்டார். முருகனே அனுப்பின மாதிரின்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஆனா வண்டியில ஒரு பாட்டி இருந்தாங்க. பேரனுக்காகப் பால்குடம் வேண்டிக்கிட்டவங்க. விரதம் இருந்து, மாத்திரையைக்கூட நேரம் பார்த்துப் போட்டுக்கிட்டு வந்தவங்க. அவங்க குடும்பத்தோட சேர்ந்து எடுக்க வேண்டிய நேரத்துக்கு நாங்க போய்ச் சேரல. அப்புறமா தனியாத்தான் எடுத்தாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டல. "பரவால்ல தம்பி, முருகன் பார்த்துக்குவான்"னு சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூட நான் இவ்வளவு நாள் நினைச்சுக்கிட்டு இருக்க மாட்டேன்.

தப்பு போன் மேல இல்ல, என் மேல. ஆனா அந்தத் தப்பு எப்படி நடந்துச்சுன்னு பார்த்தா, ஐயா கேட்டதுக்கும் தம்பிங்க கேட்டதுக்கும் சேர்த்து ஒரு பதில் கிடைக்குது.

முதல்ல, நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கிற ஒரு குழப்பத்தைச் சொல்லிடறேன். "டேட்டா இல்லைன்னா ஜி.பி.எஸ். வேலை செய்யாது"ன்னு சொல்றோம். அது சரியில்ல. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. குறைஞ்சது நாலு செயற்கைக்கோள்களோட சிக்னல் கிடைச்சா, கருவி தான் எங்க இருக்குன்னு கணக்குப் போட்டுக்கும். அதுக்கு சிம் கார்டு வேணாம், மாசக் கட்டணம் வேணாம். கடையில விக்கிற தனி ஜி.பி.எஸ். கருவியும் நம்ம போனும் இந்த வேலையை ஒரே மாதிரிதான் செய்யுது. வித்தியாசம் வரைபடத்துலதான். தனிக் கருவியில வரைபடம் உள்ளேயே இருக்கும். போன்ல, நாம முன்கூட்டியே இறக்கி வைக்கலைன்னா, போகப் போக டேட்டா வழியாத்தான் வரும். தோட்டத்துக்குள்ள நான் மாட்டினப்போ போனுக்கு இடம் தெரிஞ்சிருக்கும். சுத்தி என்ன ரோடு இருக்குன்னுதான் தெரியல.

தனிக் கருவிக்கு நல்ல பக்கம் உண்டு. லைன் இல்லாத இடத்துலயும் வழி சொல்லும். கண்ணாடி ஓரமா நாள் முழுக்க இருக்கறதுக்குன்னே செஞ்சது. போன் மாதிரி வெயில்ல சூடாகி மங்கிப் போறது குறைவு. ஒரு காலத்துல நம்ம நாட்டுல கார்மின் வச்சிருந்தவங்களுக்கு மால்சிங்மேப்ஸ்னு ஒரு வரைபடம் ரொம்பப் பழக்கம். மலேசியா, சிங்கப்பூர் ரோடுகளைத் தொண்டர்களே ஓட்டிப் பார்த்து, பதிவு செஞ்சு, இலவசமாக் கொடுத்தாங்க. நம்ம மாதிரி ஆளுங்க செஞ்ச வேலை அது. ஐயா இன்னும் ஜி.பி.எஸ். கருவியை மதிக்கிறார்னா அதுக்குக் காரணம் இருக்கு.

குறையும் உண்டு. வரைபடத்தைப் புதுப்பிக்காம விட்டா புது ரோடு தெரியாது. 2022-ல திறந்த சுக்கே, டாஷ் நெடுஞ்சாலைங்க அதுக்கு முன்னால உள்ள வரைபடத்துல இருக்காது. மேல போய்க்கிட்டு இருப்போம், கருவி நம்மளைக் கீழே யாரோ வீட்டுக்குள்ள ஓட்டுற மாதிரி காட்டும். அதோட நெரிசல் எங்கன்னு தானாத் தெரியாது. தைப்பூசத்தன்னைக்குப் பத்துமலைக்குப் பக்கத்துல எந்த ரோட்டை மூடியிருக்காங்கன்னு அது சொல்லாது. போன் சொல்லும், ஏன்னா முன்னால போறவங்க வேஸ்ல உடனே தகவல் கொடுத்துடறாங்க. தீபாவளிக்கு வடக்கே போற நாள்ல நெரிசல் தெரியாம நெடுஞ்சாலை ஏறினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அப்போ தம்பிங்க சொல்றது சரிதானேன்னு கேப்பீங்க. சொந்தக் கார்ல, சொந்தக் குடும்பத்தோட போறவங்களுக்குச் சரிதான். போனே போதும். நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுத்துத் தனிக் கருவி வாங்குங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கோயில் வண்டி ஓட்டுற தொண்டர் நிலைமை வேற. திருவிழா நாள்ல அவரோட போன் அவருக்குச் சொந்தமில்ல. சமையல் கட்டு கூப்பிடும், ஐயர் கூப்பிடுவார், தலைவர் கூப்பிடுவார், வழி தவறின பக்தர் கூப்பிடுவார். "அழைப்பு வராம நிறுத்தி வைங்க"ன்னு சொல்லலாம். யாருக்காவது உடம்பு சரியில்லைன்னு வர்ற அழைப்பும் அதுலதான் வரும். எந்தத் தொண்டர் நிறுத்துவார்? கார் திரையில இணைச்சுக்கிட்டாலும் அதே அழைப்பு அதே திரையிலதான் வந்து நிக்கும். ஒரே ஆளை மூலஸ்தானத்துலயும் அன்னதானப் பந்தியிலயும் ஒரே நேரத்துல நிக்கச் சொல்ற மாதிரிதான் இது. ரெண்டுல ஒண்ணு கெடும்.

அதனால என் கருத்து இதுதான். கோயில் வேனுக்கு வழி காட்டுற கருவி தனியா இருக்கணும். யாரும் கூப்பிட முடியாத கருவியா இருக்கணும். இந்த விஷயத்துல ஐயா சொன்னது சரி. ஆனா அதுக்குக் கடைக்குப் போய்ப் புதுசு வாங்க வேண்டியதில்ல. இந்த விஷயத்துல தம்பிங்க சொன்னது சரி.

நம்ம வீட்டு டிராயர்ல பழைய போன் சும்மா கிடக்குது இல்லையா? அதுல சிம் கார்டை எடுத்துடுங்க. கோயில் வைபையில பகாங், சிலாங்கூர், பேராக்னு நாம போற பக்கத்து வரைபடத்தை எல்லாம் இறக்கி வச்சுடுங்க. அவ்வளவுதான், அது தனி ஜி.பி.எஸ். கருவியா மாறிடும். வாட்ஸ்அப் வராது, அழைப்பு வராது. நெரிசல் தெரியாது, அது மட்டும்தான் குறை. அதுக்கும் வழி இருக்கு, கீழே சொல்றேன்.

இந்த வருஷம் நாம இப்படிச் செய்யலாம்னு கேட்டுக்கறேன்:

1. சிம் இல்லாத பழைய போன் வேன்ல வழி காட்டட்டும். கிளம்பறதுக்கு முன்னால திறந்த வெளியில சில நிமிஷம் ஆன் பண்ணி வைங்க. டேட்டா இல்லாதப்போ முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். சுரங்கப்பாதைக்குள்ள சிக்னல் விட்டா பதற வேணாம், வெளியே வந்ததும் பிடிச்சுக்கும். இறக்கின வரைபடத்தைப் பயணத்துக்கு முந்தின வாரம் மறுபடியும் புதுப்பிச்சுடுங்க.

2. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டுல ஒரு வழித்துணை கட்டாயம் உட்காரணும், தூங்கக் கூடாது. நெரிசல் பார்க்கறது, அழைப்பு எடுக்கறது, எக்சிட் வர்றதுக்கு முன்னாலயே சொல்றது எல்லாம் அவர் வேலை. ஓட்டுநரோட போனும் அவர்கிட்டதான் இருக்கும். போனைக் கையில வச்சுக்கிட்டு ஓட்டினா 300 ரிங்கிட் சம்மன் வரும். 11 உசுரை வச்சுக்கிட்டு ஓட்டுறவங்க சம்மனுக்காக மட்டும் பயப்படக் கூடாது.

3. கோயில் பேரை டைப் பண்ணித் தேடாதீங்க. ஸ்ரீ மகா மாரியம்மன்னு போட்டா நாடு முழுக்க வரிசையா வரும். சுப்பிரமணியர்னு ஆங்கில எழுத்துல எத்தனை விதமா எழுதறாங்கன்னு உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப் குழுவுல அனுப்பற இடக் குறியை மட்டும் பயன்படுத்துங்க. நாங்களும் சன்னிதிக்குக் குறி போடாம, வண்டி நிறுத்தற இடத்துக்கான குறியை அனுப்பறோம். கிளம்பறதுக்கு முன்னாலயே அதைப் பழைய போன்லயும் சேமிச்சு வச்சிடணும்.

4. முன்னால போற வண்டியோட சிவப்பு விளக்கைப் பார்த்துக்கிட்டே போக வேணாம். ஒவ்வொரு வண்டியிலயும் குறி இருக்கணும். கெந்திங் செம்பா ஓய்விடத்துல ஒரு தடவை, தெமர்லோ ஓய்விடத்துல ஒரு தடவை எல்லாரும் சேர்ந்துட்டுக் கிளம்புவோம். நடுவுல "எங்க இருக்கீங்க?"ன்னு கூப்பிட வேண்டிய அவசியமே வராது.

5. ராத்திரியில செம்மண் பாதைக்குள்ள வண்டியை விடக் கூடாது. எந்தக் கருவி சொன்னாலும் சரி, எவ்வளவு நேரம் மிச்சமானாலும் சரி. எக்சிட்டை விட்டா அடுத்த எக்சிட் வரைக்கும் போய், பெரிய ரோட்டுலயே திரும்பி வாங்க. அரை மணி நேரம் தாமதமா வந்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

தனி ஜி.பி.எஸ். கருவி யாருக்குமே வேணாமான்னு கேட்டா, சிலருக்கு வேணும். மாசாமாசம் தோட்டத்துக் கோயில்களுக்கும் மலை மேல உள்ள கோயில்களுக்கும் போய் வர்றவங்க, போன்ல விரல் வச்சாலே வேற எதுவோ திறந்துடுதுன்னு தடுமாறுற மூத்தவங்க, பெரிய பஸ் ஓட்டுறவங்க. பஸ்ஸோட உயரம், எடையைக் கணக்குல வச்சு வழி சொல்ற கருவிங்க தனியா இருக்கு. சாதாரண போன் செயலி நம்ம பஸ்ஸையும் ஒரு கார்னு நினைச்சுத்தான் வழி காட்டும். பஸ் எடுக்கறப்போ ஓட்டுநர்கிட்ட அவர் எதைப் பார்த்து வழி பிடிக்கிறார்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சிலர் சொல்வாங்க, "அந்தக் காலத்துல எந்தக் கருவியும் இல்லாமத்தானே மாரான் போனோம்?" உண்மைதான். ஆனா அப்போ வண்டியில வழி தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் முன் சீட்டுல உட்கார்ந்திருப்பார். ஓட்டுறவர் ஓட்டுவார், அவர் வழி பார்ப்பார். ஆளுக்கு ஒரு வேலை. நாமதான் ரெண்டையும் ஒரே ஆள் கையில, ஒரே போன்ல கொடுத்துட்டோம்.

கடைசியா ரெண்டு வேண்டுகோள். வீட்டுல நல்லா ஓடற பழைய போன் இருந்தா, அதுல இருக்கிற உங்க படம், எண், கணக்கு எல்லாத்தையும் முழுசா அழிச்சுட்டு, சார்ஜரோட கோயில் அலுவலகத்துல கொடுங்க. மூணு இருந்தாப் போதும். ரெண்டாவது, வழித்துணையா உட்கார விருப்பம் உள்ளவங்க உங்க பேரை எனக்கு மெசேஜ் பண்ணுங்க. ஓட்டத் தெரியணும்னு இல்ல. முழிச்சிருக்கத் தெரிஞ்சா போதும்.

அந்தப் பாட்டி இந்த வருஷமும் பேர் கொடுத்திருக்காங்க. அதே வேன்தான், ஓட்டப் போறதும் நான்தான். இந்தத் தடவை நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கணும்.

மரத்தாண்டவர் துணை. முருகா சரணம்.